படிக்குப் பின்னால் நீளவாக்கில் கோடுகள்: பாய்வின் நிலையின்மையா, தொட்டியின் கோளாறா?

கயல்_நீர்க்கால்வாய் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் முதுநிலைப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்காகச் சிறிய நீர்க்கால்வாய் ஒன்று கட்டியிருக்கிறேன். 1 செ.மீ. உயரமுள்ள இடுக்கின் வழியே வரும் தண்ணீர், 1 செ.மீ. படியைத் தாண்டியதும் 2 செ.மீ. உயரமுள்ள கால்வாயாக விரிகிறது. அகலம் 20 செ.மீ. படியின் விளிம்பில் பாய்வு சுவரைவிட்டுப் பிரிந்து, பின்னால் ஒரு சுழல்பகுதியை உண்டாக்கி, கீழே போய் மறுபடி தரையைத் தொடுகிறது. இந்தப் பிரிவுற்ற பாய்வு எப்போது நிலைகுலைகிறது என்பதைச் சோதனையில் பார்ப்பதே நோக்கம்.

தண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தன் எடையாலேயே இறங்குகிறது. பம்பின் அதிர்வு கால்வாய்க்கு வராது. நிமிடத்துக்கு 3.2 லிட்டர். இடுக்கின் நடுவே உச்ச வேகம் நொடிக்கு 4 செ.மீ. தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது. ஆகவே படியின் உயரத்தையும் உச்ச வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டால் ரெனால்ட்ஸ் எண் (பாய்வின் உந்தத்துக்கும் அதைத் தடுக்கும் பாகுநிலைக்கும், அதாவது பிசுபிசுப்புக்கும், உள்ள விகிதம்) 500.

சிக்கல் இதுதான். படிக்குச் சற்று முன்னால் அகலம் முழுவதும் ஒரு மெல்லிய பிளவு வழியாகச் சாயம் விடுகிறேன். அது சீரான திரையாக இறங்க வேண்டும். இறங்குவதோ கோடு கோடாக. கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 2 செ.மீ. படித்த ஆய்வுகளிலெல்லாம் முப்பரிமாண நிலையின்மை (பாய்வு அகலவாட்டிலும் மாறத் தொடங்குவது) ரெனால்ட்ஸ் எண் 748இல்தான் தொடங்குகிறது, அலைநீளமும் படியின் உயரத்தைப்போல 6.9 மடங்கு, அதாவது எனக்கு ஏறக்குறைய 7 செ.மீ. எண்ணும் பொருந்தவில்லை, இடைவெளியும் பொருந்தவில்லை. வழிகாட்டி இதைப் பொருட்படுத்தாமல் மேலே போகச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எண்கணிப்பாளன்

748 என்ற எண் பார்க்லி, கோம்ஸ், ஹெண்டர்சன் மூவரும் 2002இல் கணினியில் கண்டது. உங்களுடையதைப் போலவே இரண்டு மடங்கு விரிவு. அந்த எண்ணுக்குக் கீழே இருபரிமாணப் பாய்வு நிலையானது. எந்தச் சிறு கலக்கமும் காலப்போக்கில் தேய்ந்துபோகும். 500இல் கோடு தெரிகிறதென்றால் கோளாறு உங்கள் கருவியில்தான். ஆராய ஒன்றுமில்லை, சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று, ரெனால்ட்ஸ் எண்ணை எப்படி வரையறுத்தீர்கள் என்று ஆய்வறிக்கையில் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அர்மாலி குழுவினர் 1983இல் சராசரி வேகத்தையும் இடுக்கின் உயரத்தைப்போல் இரு மடங்கையும் வைத்துக் கணக்கிட்டார்கள். உங்கள் 500 அவர்கள் கணக்கில் 667. 748 அவர்கள் கணக்கில் 997. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய_காற்றுச்சுரங்கம்

எண்கணிப்பாளன் சொன்ன வரையறை முக்கியம்; அதில் எனக்கு மறுப்பில்லை. "ஆராய ஒன்றுமில்லை" என்பதில்தான் மறுப்பு.

748 எந்தப் பாய்வுக்குப் பொருந்தும்? பக்கச் சுவரே இல்லாத, முடிவற்ற அகலமுள்ள, கலக்கமே இல்லாமல் தண்ணீர் நுழைகிற ஒரு பாய்வுக்கு. அப்படி ஒரு தொட்டி உலகில் எங்கும் இல்லை. அர்மாலி குழுவினரின் கால்வாய் படியின் உயரத்தைப்போல 36 மடங்கு அகலம் கொண்டது. லேசர் டாப்ளர் முறையில் வேகம் அளந்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் கணக்கில் 400ஐத் தாண்டியதுமே இருபரிமாணக் கணக்கீடும் சோதனையும் பிரிந்துபோயின. நம் கணக்கில் அது 300. பக்கச் சுவர் ஓரமாக ஒரு தாரை கிளம்பி நடுவை நோக்கிப் போகிறது என்று பின்னால் 1997இல் வில்லியம்ஸ், பேக்கர் இருவரும் முப்பரிமாணக் கணக்கீட்டில் காட்டினார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. "கலக்கம் காலப்போக்கில் தேய்ந்துபோகும்" என்பது சரி. தேய்வதற்கு முன்னால் எவ்வளவு வளர்கிறது? பிளாக்பர்ன், பார்க்லி, ஷெர்வின் 2008இல் இதே வடிவத்துக்குக் கணக்கிட்டார்கள். ரெனால்ட்ஸ் எண் 500இல் கலக்கத்தின் ஆற்றல் ஏறத்தாழ 80,000 மடங்கு வரை பெருகக்கூடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கம். ஆகவே வேகத்தில் 280 மடங்கு. நுழைவாயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலக்கம் இருந்து, அது தக்க வடிவத்திலும் அமைந்துவிட்டால், கீழே நாலில் ஒரு பங்கைத் தொடும். பிரிவுற்ற பாய்வு ஒரு பெருக்கி. தானாகப் பாடாது, நீங்கள் கொடுத்ததைப் பெரிதாக்கித் தரும். கோடுகள் பொய்யல்ல. அவற்றின் விதை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

அம்மா, மூன்று விஷயம் சொல்லுங்கள். கோடுகள் ஒரே இடத்தில் நிற்கின்றனவா, நகர்கின்றனவா? படியின் உயரத்தை மாற்றினால் இடைவெளி மாறுகிறதா? படிக்கு முன்னாலேயே சாயத்தில் அசைவு தெரிகிறதா?

சும்மா_படிப்பவன்

இயந்திரவியல் தெரியாதவன் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாய்வு "பிரிகிறது" என்றால் என்ன? தண்ணீர் இரண்டாகக் கிழிகிறதா?

கயல்_நீர்க்கால்வாய்

கிழிவதில்லை. சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய அடுக்கு வேகம் குறைந்தது. எதிரே அழுத்தம் ஏறினாலோ, சுவர் திடீரென்று விலகினாலோ அந்த அடுக்கால் சுவரோடு போக முடியாமல் வெளியே விலகிவிடும். விலகிய இடத்துக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி எதிர்த்திசையில் ஓடும். மாநகரப் பேருந்தின் பின் கண்ணாடியில் மட்டும் புழுதி அப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்குப் பின்னால் பிரிந்த காற்று சுழன்று திரும்பிப் புழுதியைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. ஓடும் காற்றுக்கும் சுழலும் காற்றுக்கும் நடுவிலுள்ள எல்லை மிகவும் நோஞ்சானது. நிலையின்மை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும்.

பழைய_காற்றுச்சுரங்கம் ஐயாவுக்கு விடை நாளை எழுதுகிறேன். அரை செ.மீ. படி ஒன்று அக்ரிலிக்கில் வெட்டி வைத்திருக்கிறேன்.

தாம்பரத்தான்

நான் காற்றுச்சுரங்கத்தில் வேலை செய்தவன். இடுக்குக்கு முன்னால் பாய்வைச் சீராக்கும் தொட்டியில் என்ன வலை போட்டிருக்கிறீர்கள்? வலையின் திறந்த பரப்பு 57 விழுக்காட்டுக்குக் கீழே போனால், கண்கள் வழியே வரும் சிறு தாரைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளவாக்கில் சுழல்களாகிவிடும். பிராட்ஷா 1965இலேயே காட்டியது. சுரங்கம் கட்டுகிறவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் அது.

கயல்_நீர்க்கால்வாய்

சல்லடைக் கம்பிவலைதான் அண்ணா. கம்பி 0.2 மி.மீ., கண்ணுக்குக் கண் 0.5 மி.மீ. திறந்த பரப்பு 0.6இன் வர்க்கம், 36 விழுக்காடு. நீங்கள் சொல்லும் எல்லைக்கு வெகு கீழே. மாட்டிக்கொண்டேன் போலிருக்கிறது.

தாம்பரத்தான்

அப்படியென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான். கொசுவலைக்கு விற்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிவலையை வாங்கிப் போடுங்கள். 60க்கு மேல் வரும்.

பழைய_காற்றுச்சுரங்கம்

அவசரப்படாதீர்கள் தாம்பரத்தாரே. உங்கள் விதி காற்றுச்சுரங்கத்தில் பிறந்தது. அங்கே கம்பியைக் கடக்கும் காற்றுக்கு ரெனால்ட்ஸ் எண் பல பத்துகளில் இருக்கும், நூறையும் தாண்டும். இங்கே எவ்வளவு?

கயல், உங்கள் சீராக்கும் தொட்டியின் உயரம் என்ன? 10 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். இடுக்கில் சராசரி வேகம் 2.67 செ.மீ.; தொட்டியில் அதில் பத்தில் ஒரு பங்கு, நொடிக்கு 0.27 செ.மீ. கம்பி 0.2 மி.மீ. கணக்கிட்டால் கம்பிக்கான ரெனால்ட்ஸ் எண் 0.67. ஒன்றைக்கூடத் தொடவில்லை. உருளையின் பின்னால் சுழல் உதிர்வதற்கே 47 வேண்டும். இவ்வளவு மெதுவான, பாகுநிலை ஆளும் பாய்வில் தாரைகள் சேர்ந்து சுழல்வதற்கு வழியே இல்லை. வலையில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கலாம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானால் உப்பு படிந்து சில கண்கள் அடைத்திருக்கலாம். அதைச் சோதிப்பது எளிது: வலையைப் பக்கவாட்டில் ஒரு செ.மீ. நகர்த்துங்கள். கோடுகளும் ஒரு செ.மீ. நகர்ந்தால் வலை. நகராவிட்டால் வேறு இடத்தில் தேடுவோம்.

கயல்_நீர்க்கால்வாய்

தொட்டியின் உயரம் 10 செ.மீ.தான் ஐயா, மேலே திறந்திருக்கிறது. முடிவுகள்:

வலையை நகர்த்தினேன். கோடுகள் அதோடு நகரவில்லை. குமிழிகள் கொஞ்சம் இருந்தன. தூரிகையால் தட்டி எடுத்த பிறகும் கோடுகள் அப்படியே.

படியைப் பாதியாக்கினேன். இடைவெளி மாறவில்லை, அதே 2 செ.மீ.

கோடுகள் நிலையாக நிற்பதில்லை. மிக மெதுவாகப் பக்கவாட்டில் ஊர்கின்றன, சில நேரம் இரண்டு சேர்ந்து ஒன்றாகின்றன. ஒரு நிமிடம் பார்த்தால் தெரியாது, பதிவுசெய்து வேகமாக ஓட்டினால் தெரிகிறது.

படிக்கு முன்னால் உற்றுப் பார்த்தால், மிக மெலிதாக, ஆமாம், அங்கேயும் இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். காலையில் குறைவு. மதியம் மாடித் தொட்டியிலிருந்து புதிதாகத் தண்ணீர் நிரப்பிய பிறகு மிகத் தெளிவு.

எண்கணிப்பாளன்

இடைவெளி படியின் உயரத்தோடு மாறவில்லை என்றால் படிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் முதலில் சொன்னதுதான். தவிர, சாயக்கோட்டை நம்பாதீர்கள். ஹாமா 1962இல் எழுதியது நினைவிருக்கட்டும்: அலைவுள்ள பாய்வில் சாயக்கோடு சுருண்டு சுழல்போலத் தெரியும், அங்கே சுழலே இருக்காது. சாயம் தான் கடந்து வந்த பாதை முழுவதையும் சுமந்துகொண்டு வருகிறது. துகள் தூவி லேசர் தாளில் வேகம் அளந்தால்தான் பேச்சு.

கயல்_நீர்க்கால்வாய்

செய்யத்தான் ஆசை. துகள்வழி அளவீட்டுக் கருவிக்கு எங்கள் துறையில் நீண்ட வரிசை. ரிச்சி தெருவில் பச்சை லேசர் ஒன்று வாங்கி, கண்ணாடிக் கம்பி வைத்துத் தாளாக விரித்து, அலைபேசியில் படமெடுக்கிறேன். 4 செ.மீ. வேகத்துக்கு அது போதுமென்று நினைக்கிறேன்.

தாம்பரத்தான்

போதும். கண்ணில் மட்டும் எச்சரிக்கை. தெருவில் விற்கும் லேசர்களில் எழுதியிருக்கும் திறனை நம்பவே கூடாது, பல மடங்கு கூட வரும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இயக்காதீர்கள். அக்ரிலிக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஆபத்துதான்.

அம்பத்தூர்_ஏசி

நான் குளிர்சாதனப் பொறியாளர், பாய்வு ஆராய்ச்சி என் துறையல்ல. மாடித் தொட்டி, மதியம், திறந்த தொட்டி என்று படித்ததும் ஒரு கேள்வி. ஆய்வகத்தில் ஏசி ஓடுகிறதா? எத்தனை டிகிரி?

கயல்_நீர்க்கால்வாய்

24 வைத்திருக்கிறார்கள் அண்ணா. பக்கத்தில் கணினிகள் இருக்கின்றன.

அம்பத்தூர்_ஏசி

30 டிகிரித் தண்ணீரை, ஈரம் உறிஞ்சப்பட்ட 24 டிகிரிக் காற்றுக்குக் கீழே திறந்து வைத்திருக்கிறீர்கள். குளிர்காற்று ஒரு பக்கம், ஆவியாதல் ஒரு பக்கம். மேற்பரப்புத் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். குளிர்கோபுரத்தில் நாங்கள் வேண்டுமென்று செய்வதை நீங்கள் வேண்டாமல் செய்கிறீர்கள்.

எண்கணிப்பாளன்

மேல்பரப்பு அரை டிகிரி குளிருமா? ஒரு டிகிரியே வைத்துக்கொள்வோம். படிக்குப் பக்கத்தில் மிதப்பு விசைக்கும் பாய்வின் உந்தத்துக்கும் உள்ள விகிதம், அதாவது ரிச்சர்ட்சன் எண், 0.02க்கும் கீழே. கணக்கில் கொள்ள வேண்டியதே இல்லை.

பழைய_காற்றுச்சுரங்கம்

படிக்குப் பக்கத்தில் சரி. தொட்டியில் போட்டுப் பாருங்கள்.

அங்கே வேகம் 0.27 செ.மீ., உயரம் 10 செ.மீ. அரை டிகிரி வித்தியாசத்துக்கே ரிச்சர்ட்சன் எண் 20. அந்தத் தொட்டியில் பாய்வு ஆளவில்லை, வெப்பம் ஆள்கிறது. வெப்பத்தால் தண்ணீர் புரளும் வலுவைக் காட்டும் ராலே எண்ணையும் பாருங்கள். ஒரு டிகிரி வித்தியாசத்தில் 2.5 கோடி வருகிறது. இரு தட்டுகளுக்கு நடுவிலுள்ள தண்ணீர் வெப்பத்தால் புரளத் தொடங்க 1708 போதும். எத்தனை ஆயிரம் மடங்கு மேலே இருக்கிறோம் பாருங்கள்! மேற்பரப்பிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மெல்லிய திரைகளாக இறங்கும். இந்த அளவு வித்தியாசத்தில் திரைக்குத் திரை ஒரு சில செ.மீ.தான் இருக்கும். மெதுவான பாய்வு அவற்றைத் தன் திசையில் நீட்டிவிடும். ஒடுங்கும் பகுதிக்குள் நுழைந்ததும் இன்னும் நீண்டு, நீளவாக்குச் சுழலாக இடுக்கைக் கடந்து, படியில் வந்து விழும். அங்கேதான் நம் பெருக்கி காத்திருக்கிறதே.

கயல் சொன்னவை எல்லாம் இதோடு ஒத்துப்போகின்றன. ஊர்வது, இரண்டு சேர்ந்து ஒன்றாவது, மதியம் கூடுவது, படியின் உயரத்தைச் சட்டை செய்யாதது. அம்பத்தூர் நண்பருக்கு நன்றி. எங்களில் ஒருவரும் ஏசியைப் பற்றிக் கேட்கவில்லை!

சோதிக்க வழி: தண்ணீரை நிரப்பி இரவு முழுவதும் அறையிலேயே விடுங்கள். ஏசியை நிறுத்துங்கள். தொட்டியின் மேற்பரப்பில் தெர்மோகோல் பலகையை இடைவெளியில்லாமல் மிதக்கவிடுங்கள். மூடுவது அவசியம், வெப்பநிலை சமமானாலும் ஆவியாதல் மேற்பரப்பைக் குளிர்விக்கும். ஒன்றை மாற்றி ஒன்றாகச் செய்யுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறியுங்கள். ஒரு டிகிரிக்குப் பாகுநிலை ஏறத்தாழ 2 விழுக்காடு மாறும். ரெனால்ட்ஸ் எண்ணும் அதோடு நகரும். பாடநூலில் 20 டிகிரிக்குக் கொடுத்திருக்கும் மதிப்பைச் சென்னைத் தண்ணீருக்குப் போட்டால் உங்கள் 500, 400 ஆகிவிடும். நல்லவேளை, நீங்கள் போடவில்லை.

சும்மா_படிப்பவன்

துப்பறியும் தொடர்கதை போலப் போகிறது. சேப்பாக்கத்தில் பந்து ஸ்விங் ஆவதும் இந்தப் பிரிவால்தானா?

தாம்பரத்தான்

பிரிவால்தான். தையலின் ஒரு பக்கம் அடுக்கு முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் பிரியும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

கயல்_நீர்க்கால்வாய்

ஒவ்வொன்றாகச் செய்தேன்.

ஏசி ஓட, தெர்மோகோல் மட்டும்: கோடுகள் வெகுவாக மங்கின, மறையவில்லை. பக்கச் சுவர் வழியாகவும் வெப்பம் போகிறது போலும்.

ஏசி நிறுத்தி, மூடாமல்: அதேபோல மங்கல்.

இரவு முழுவதும் வைத்த தண்ணீர், ஏசி இல்லை, தெர்மோகோல் உண்டு: நடுவில் 12 செ.மீ. அகலத்துக்குச் சாயம் ஒரே திரையாக இறங்குகிறது. இரு பக்கச் சுவர்களின் ஓரத்தில் மட்டும் சாயம் உள்நோக்கி வளைகிறது. அது எப்படிச் செய்தாலும் போகவில்லை. லேசர் தாளில் துகள்களும் இதையே காட்டுகின்றன.

பிறகு உறுதிப்படுத்த, தொட்டியின் ஒரு பாதியில் மட்டும் தெர்மோகோலை எடுத்தேன். சிறிது நேரத்தில் அந்தப் பாதியில் மட்டும் கோடுகள் திரும்பிவந்தன. ஏசி நிறுத்தியதில் அறை நண்பர்கள் என்மேல் கடும் கோபத்தில் இருக்கிறார்கள்.

எண்கணிப்பாளன்

பாதி எடுத்துப் பார்த்தது அருமையான சோதனை. ஒப்புக்கொள்கிறேன். சுவரோரம் நீங்கள் பார்ப்பது வில்லியம்ஸ், பேக்கர் சொன்ன தாரையாக இருக்க வேண்டும். இப்போது வேகத்தைக் கூட்டி 748ஐப் பிடித்துவிடலாமே?

பழைய_காற்றுச்சுரங்கம்

பிடிக்க முடியாது என்றே நினைக்கிறேன். அகலம் படியைப்போல 20 மடங்கு, அலைநீளம் 6.9 மடங்கு. மூன்று அலைகூட முழுதாக நிற்காது, அதிலும் இரு ஓரங்களைச் சுவர்த்தாரைகள் தின்றுவிட்டன. 750இல் ஏதோ ஒன்று தெரிந்தாலும் அது அந்த நிலையின்மைதான் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஐம்பது அறுபது மடங்கு அகலமுள்ள கால்வாய் இருந்தால் முயலலாம்.

என் யோசனை வேறு. தலைப்பையே மாற்றுங்கள். உங்கள் கையில் இப்போது கலக்கம் குறைந்த ஒரு நுழைவாயில் இருக்கிறது. அதில் அளவு தெரிந்த கலக்கத்தை நீங்களே கொடுங்கள். ஒடுக்கத்துக்கு முன் அகலவாட்டில் ஒரு மெல்லிய பட்டையை வைத்து, சிறு மோட்டாரால் மேலும் கீழும் அசையுங்கள். அதிர்வெண்ணை மாற்றி மாற்றி, கீழே எவ்வளவு பெருகுகிறது என்று அளங்கள். 2008 ஆய்வின்படி பெருக்கத்தின் உச்சம், பிரிந்த பாய்வு மறுபடி சுவரைத் தொடும் எல்லா மறுதொடு புள்ளிகளுக்கும் கீழே வரும். 500இல் முதல் மறுதொடுகையே படியிலிருந்து ஏறத்தாழ 11 மடங்கு தூரத்தில். உங்கள் கால்வாயின் நீளம் போதுமா என்று முதலில் பாருங்கள். பிராண்டல் 1904இல் ஹைடல்பெர்க்கில் பிரிவைப் பற்றிப் பேசியபோது கையால் சுற்றும் நீர்த்தொட்டியில் எடுத்த படங்களைத்தான் காட்டினார். சிறிய தொட்டி என்பது ஒரு குறையல்ல.

கயல்_நீர்க்கால்வாய்

படிக்குப் பின் 45 செ.மீ. இருக்கிறது ஐயா, படியைப்போல 45 மடங்கு. வழிகாட்டியிடம் பாதி மூடிய தொட்டியின் படத்தைக் காட்டினேன். தலைப்பு மாற்றத்துக்குச் சம்மதித்துவிட்டார், ஆனால் ஏசியை நிறுத்தும் அனுமதி இரவு எட்டு மணிக்கு மேல்தான்.

எண்கணிப்பாளன்

45 போதும் என்று தோன்றுகிறது. இடுக்கின் வாயில் அகலவாட்டு வேகப் பரவலை அளந்து அனுப்புங்கள், அதே நுழைவை வைத்து முப்பரிமாணக் கணக்கீடு ஓட்டித் தருகிறேன். சுவரோரம் கடைசி 2 செ.மீ.யில் புள்ளிகளை நெருக்கமாக எடுங்கள். உங்கள் அளவீட்டோடு பொருந்தாமல் போனால் அங்கேதான் போகும்.

அம்பத்தூர்_ஏசி

தொட்டிக்கு ஒரு அங்குலத் தெர்மோகோலில் நாலு பக்கமும் உறை போட்டு, மேலே மிதப்பதையும் வைத்துக்கொண்டால் பகலிலேயே செய்யலாம். தண்ணீரை 24க்குக் கொண்டுவந்துவிட்டால் ஏசி ஓடட்டும். வேகத்தை மட்டும் கூட்ட வேண்டியிருக்கும். 24 டிகிரிக்குப் பாகுநிலை 30இல் இருப்பதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல்.